கிராமத்து வெஸ்லியன் சபையும் அதன் பழைய பதிவேடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுவிழா மலர் போடுகிறவர்கள், பூர்வீகம் தேடுகிறவர்கள், சான்றிதழ் கேட்டு அலைகிறவர்கள் என்று பலரும் பழைய மெதடிஸ்ட் சபைகளை (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) பற்றி விசாரிக்கிறார்கள். ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டு வெஸ்லியன் மிஷன் சபைகள்தான் மையம். இலங்கையும் மலாயாவும் வர வேண்டிய இடத்தில் வரும்.

எங்க கோயில் பேரு வெஸ்லி ஆலயம். ஜான் வெஸ்லியே வந்து கட்டினதுன்னு பெரியவங்க சொல்றாங்க. உண்மையா?

இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1703இல் இங்கிலாந்தின் எப்வொர்த்தில் பிறந்து 1791இல் லண்டனில் இறந்தவர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அவர் வழி வந்தவர்கள் இந்தப் பக்கம் கப்பல் ஏறினார்கள். நினைவாக வைத்த பெயர், அவ்வளவுதான். ஆண்டுவிழா மலரில் "வெஸ்லி அவர்களால் நிறுவப்பட்ட" என்று அச்சாகிவிட்டால் அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு. அச்சுக்குப் போகும் முன்பே அடித்துவிடுங்கள்.

அப்படின்னா நம்ம பக்கம் முதல்ல வந்தது யாரு?

கதை இலங்கையில் தொடங்குகிறது. தாமஸ் கோக் என்ற மூத்த போதகர் ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டார். 1814 மே மாதம் இந்தியப் பெருங்கடலில் கப்பலிலேயே இறந்துபோனார். உடலைக் கடலில்தான் அடக்கம் செய்தார்கள். தலைவர் இல்லாமல் தொடர்ந்த குழு, பம்பாய் வழியாக அந்த ஜூன் கடைசியில் இலங்கையின் காலி நகரத் துறைமுகத்தில் இறங்கியது. அவர்களில் ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்குப் போனார். ஆல்ட் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. 1815 ஏப்ரலில் மட்டக்களப்பிலேயே இறந்தார். கடல் பயணத்தில் மனைவியை இழந்து தனியாக வந்து சேர்ந்த மனிதர் அவர்.

லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து ராயப்பேட்டையில் ஊழியத்தைத் தொடங்கினார். அடுத்த சில வருஷங்களில் நாகப்பட்டினம். பிறகு மன்னார்குடி, திருவாரூர், கரூர், தாராபுரம், திருவள்ளூர் பக்கத்து இக்காடு என்று பரவியது. ஆக, தமிழ்நாட்டு மெதடிஸ்ட் சபைக்குத் தாய்வீடு யாழ்ப்பாணம். இதை நம் சபை மலர்களில் யாரும் எழுதுவதில்லை என்பது என் சின்ன மனக்குறை.

வெஸ்லியன், மெதடிஸ்ட், சிஎஸ்ஐ, அமெரிக்கன் மெதடிஸ்ட். தலை சுத்துது. நாங்க யாரு?

வெஸ்லியன் என்பது பிரிட்டிஷ் மெதடிஸ்ட்டுகளில் மூத்த பிரிவு. 1932இல் பிரிட்டனில் பிரிந்து கிடந்த பிரிவுகள் ஒன்றானபோது வெஸ்லியன் என்ற அடைமொழி போய் வெறும் மெதடிஸ்ட் ஆனது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) உருவானது. ஆங்கிலிக்கன், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, பிரிட்டிஷ் மெதடிஸ்ட் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்தன. ஆகவே 1931இல் வெஸ்லியன், 1940இல் மெதடிஸ்ட், 1950இல் சிஎஸ்ஐ என்று மூன்று முத்திரை இருந்தாலும் கோயில் ஒன்றுதான், புத்தகமும் தொடர்ந்து அதே புத்தகமாக இருக்கலாம். புத்தாண்டு சமயத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை, வெஸ்லி 1755இல் தொடங்கியதன் மிச்சம்.

அமெரிக்க மெதடிஸ்ட் தனிக் கிளை. வில்லியம் டெய்லர் 1874இல் சென்னையில் தொடங்கியது. அவர்கள் 1947 இணைப்பில் சேரவில்லை. 1981 முதல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்ற பெயரில் தனியாக இருக்கிறார்கள். இலங்கையில் பிரிட்டிஷ் வழி மெதடிஸ்த திருச்சபையே எந்த இணைப்பிலும் கலக்காமல் 1964 முதல் தன்னாட்சியோடு இயங்குகிறது. உங்கள் சபை இதில் எந்தக் கிளை என்பது முடிவாகாமல் ஆவணம் தேடக் கிளம்பாதீர்கள். கிளை மாறினால் காப்பகமே மாறிவிடும்.

வாசல்ல கல்வெட்டுல ஒரு வருஷம் இருக்கு. சபையோட வயசு அதுதானே?

அது கட்டடத்தின் வயது. சபை அதற்கு முன்னாலேயே ஒரு கூரைக் கொட்டகையிலோ மிஷன் பள்ளிக்கூடத்திலோ கூடியிருக்கும். கிராமங்களில் வழக்கமான வரிசை இதுதான்: முதலில் திண்ணைப் பள்ளி மாதிரி ஒரு பள்ளிக்கூடம், வாத்தியாரே உபதேசியார் (போதகருக்குக் கீழே ஊரில் இருந்து போதிப்பவர்). பிறகு முதல் ஞானஸ்நானங்கள். ரொம்ப காலம் கழித்துத்தான் ஓடோ காரையோ போட்ட கோயில். சில கற்கள் பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது பதித்தவை.

எனவே மூன்று தேதிகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: பள்ளி தொடங்கியது, முதல் ஞானஸ்நானம், கட்டடப் பிரதிஷ்டை. எதைக் கொண்டாடுவது என்பது சபையார் விருப்பம். எது எது என்று தெரிந்து கொண்டாடினால் போதும்.

பழைய ரிஜிஸ்டர் எதுவுமே கோயில்ல இல்ல. யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் கோயிலில் அது எப்போதுமே இருந்திருக்காது. மெதடிஸ்ட் முறையில் கிராமச் சபை என்பது தனி அலகே அல்ல. பல ஊர்களைச் சேர்த்து ஒரு சர்க்யூட். அதற்கு ஒரு தலைமை ஊர், அங்கே ஒரு மிஷன் பங்களா, அதில் ஒரு சூப்பரிண்டெண்ட். ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வார்கள்) மாட்டு வண்டியிலோ குதிரையிலோ ஊர் ஊராகச் சுற்றுவார், புத்தகமும் கூடவே சுற்றும். உங்கள் ஊரில் கொடுத்த ஞானஸ்நானம், தலைமை ஊர்ப் புத்தகத்தில் மற்ற ஊர்ப் பெயர்களோடு கலந்து, தேதி வரிசையில் கிடக்கும்.

அதனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஊரைத் தேடாதீர்கள், சர்க்யூட்டைத் தேடுங்கள். உங்கள் கிராமம் 1900 வாக்கில் எந்த ஊர் மிஷன் பங்களாவுக்குக் கீழே இருந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். "கல்யாணத்துக்கு எந்த ஊர் ஐயர் வருவார்?", "போர்டிங் பள்ளிக்கு எங்கே அனுப்புவாங்க?" என்று கேட்டால் தானாக வரும். அந்தத் தலைமை ஊரின் இன்றைய சேகர (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பு) அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். சர்க்யூட் எல்லைகள் அவ்வப்போது மாறியிருக்கின்றன. ஒரே கிராமம் 1880இல் ஒரு புத்தகத்திலும் 1920இல் வேறொரு புத்தகத்திலும் இருப்பது சாதாரணம்.

அப்புறம் 1947க்குப் பிறகு சேகரங்கள் பிரிந்தபோது சில புத்தகங்கள் பேராய (பல சேகரங்களுக்கும் மேலான நிர்வாக) அலுவலகத்துக்குப் போயின, சில பழைய ஐயர் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டன. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் தென்னிந்திய மிஷன் காகிதங்கள் நிறைய இருக்கின்றன. அங்கேயும் கேட்கலாம்.

மொத்தம் என்னென்ன புத்தகம் இருந்திருக்கும்?

ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எல்லாரும் கேட்பார்கள். மெதடிஸ்ட்டுகளிடம் அதற்கு மேலும் உண்டு: அங்கத்தினர் பட்டியல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் சர்க்யூட் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, காணிக்கைக் கணக்கு, எந்த ஞாயிறு எந்த ஊரில் யார் பிரசங்கம் என்ற கட்டம் போட்ட அட்டவணை, மிஷன் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு.

இவற்றில் என் ஓட்டு கூட்டக் குறிப்புக்கும் கணக்குக்கும்தான். ஞானஸ்நானப் பதிவு ஒரு ஆள் இருந்தார் என்று சொல்லும். கூட்டக் குறிப்போ, ஓடு மாற்றப் பணம் இல்லை, உபதேசியாருக்குச் சம்பளம் பாக்கி, இன்னார் குடித்துவிட்டு வந்ததால் எச்சரிக்கை என்று ஊரையே கண்முன் நிறுத்தும். கிணறு வெட்டிய வருஷம், கல்லறைத் தோட்டத்துக்கு வேலி போட்ட வருஷமெல்லாம் கணக்குப் புத்தகத்தில்தான் மாட்டும். ஆனால் பழைய காகிதத்தைக் கழிக்கும்போது முதலில் எடைக்குப் போவதும் கணக்குப் புத்தகம்தான்.

ஞானஸ்நானப் பதிவுல என்னெல்லாம் எழுதியிருக்கும்?

அச்சடித்த கட்டங்களில் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, பெயர், தகப்பன் தாய் பெயர், வசிக்கும் ஊர், தகப்பன் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் கையெழுத்து. குழந்தைக்கு இவ்வளவுதான். பெரியவர் என்றால் பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்து வரும். முனியன் என்று ஒரு கட்டத்தில், பக்கத்துக் கட்டத்தில் மோசே என்று. பழைய பெயர்தான் பூர்வீகம் தேடுகிறவருக்குப் பொக்கிஷம். அதே பெயரை வைத்து நிலப் பத்திரத்திலும் தேடலாம்.

வயதுக் கட்டத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 30, 40, 45 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற எண்ணாகவே வரிசையாக இருந்தால், ஐயர் ஆளைப் பார்த்து மதிப்புப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். குடும்பமாகச் சேர்ந்தவர்கள் அடுத்தடுத்த வரிகளில் இருப்பார்கள். ஒரு வரியைப் படம் பிடித்துக்கொண்டு வராமல் முன்னும் பின்னும் இரண்டு பக்கம் பாருங்கள். சித்தப்பாவும் பாட்டியும் அங்கேதான் இருப்பார்கள்.

ஒரு நோட்டுல "கிளாஸ்"னு தலைப்பு போட்டு பன்னிரண்டு பதிமூணு பெரியவங்க பேர் இருக்கு. முதியோர் கல்வியா?

இல்லை, அது மெதடிஸ்ட்டுகளின் அடிப்படை அமைப்பு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆராதனைக் கூடம் கட்டிய கடன் தீராமல் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர், யார் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வந்தார். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை கூடி ஒருவர் வாழ்க்கையை மற்றவர் விசாரிக்கும் கூட்டமாக ஆக்கிவிட்டார். கடனுக்காக வந்தது கடைசியில் சபைக்கே முதுகெலும்பானது.

ஒழுங்காக வருகிறவர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு சீட்டு உண்டு. கட்டைவிரல் நீளத் தாளில் ஒரு வேத வசனம், ஒரு எழுத்து, ஆளின் பெயர், ஐயர் கையெழுத்து. பழைய வேதாகமங்களின் நடுவே இன்னும் செருகிக் கிடக்கும். பாட்டியின் வேதப் புத்தகத்தை ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். பெயர்ப் பட்டியலில் சிலருக்கு எதிரே "சோதனையில்" என்ற பொருளில் குறிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். முழு அங்கத்தினர் ஆகும் முன் இருக்கும் காத்திருப்புக் காலம் அது. ஞானஸ்நானம் பெற்றவர் எல்லாரும் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். இதில் பெயர் இல்லாததால் தாத்தா சபையில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மிஷன் ரிப்போர்ட்ல எங்க ஊர்ப் பேரே இல்ல. இங்கிலீஷ்ல எப்படித் தேடுறது?

துரைமார் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். நாகப்பட்டினம் நெகபட்டம், மன்னார்குடி மனார்கூடி, தஞ்சாவூர் டான்ஜோர். இதெல்லாம் பழகிவிடும். உண்மையான குழி திருவள்ளூர், திருவாரூர் இரண்டும்தான். பழைய ஆங்கிலக் காகிதங்களில் திருவாரூரை திருவலூர், ட்ரிவலூர் என்ற சாயலில் எழுதுவார்கள். திருவள்ளூர் ட்ரிவெல்லூர். இரண்டு ஊரிலும் வெஸ்லியன் மிஷன் இருந்தது! பக்கத்தில் நெகபட்டமும் மனார்கூடியும் வந்தால் அது திருவாரூர். சென்னையும் இக்காடும் வந்தால் திருவள்ளூர். அறிக்கையில் எந்த மிஷன் மாவட்டத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் அடுத்தவர் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

ஆள் பெயருக்கும் இதே கதிதான். ஞானமுத்து என்ற ஒரே பெயர் ஜி, என், என்ஜே என்று மூன்று எழுத்திலும் தொடங்கும். அகரவரிசையில் ஒரே இடத்தில் தேடி விட்டுவிடாதீர்கள்.

முதல் பக்கங்கள் கிழிஞ்சு போச்சு. வருஷம் தெரியல, ஐயர் கையெழுத்து மட்டும் இருக்கு. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், இது தேடலிலேயே சுவாரசியமான பகுதி. மெதடிஸ்ட் போதகர்கள் ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை, சில வருஷத்தில் மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மாநாட்டு நடவடிக்கைகளில், யார் எந்த ஊரில் என்ற நியமனப் பட்டியல் அச்சாகும். இந்திய, இலங்கை ஊர்களும் அதில் உண்டு. பழைய தொகுதிகள் பல இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

கையெழுத்தைப் படித்துப் பெயரைக் கண்டுபிடியுங்கள். அந்த ஆள் உங்கள் சர்க்யூட்டில் இருந்த வருஷங்களைப் பட்டியலில் குறியுங்கள். அடுத்த பக்கத்தில் வேறு கையெழுத்து தொடங்கினால் அதையும் அப்படியே செய்யுங்கள். ஒருவர் போய் இன்னொருவர் வந்த வருஷம் எதுவோ, இரண்டு கையெழுத்துக்கும் நடுவே உள்ள பக்கம் அந்த வருஷம். உள்ளூர் தமிழ்ப் போதகர்கள் பெயரும் பட்டியலில் வரும், ஆனால் உபதேசியார்கள் பெயர் வராது. அவர்களை நான் முன்பு சொன்ன கணக்குப் புத்தகத்துச் சம்பளப் பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

எல்லாமே லண்டன்ல பத்திரமா இருக்காமே?

பாதி உண்மை. மெதடிஸ்ட் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. மிஷனரிகள் எழுதிய கடிதங்கள், மிஷன் மாவட்ட சினாடு (பேரவை) குறிப்புகள், அறிக்கைகள், புகைப்படங்கள், பெண்கள் பணிக்கான தனிப் பிரிவு. உங்கள் ஊர்க் கோயிலின் பழைய படம் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஊர் ஞானஸ்நானப் புத்தகம் அங்கே போகவில்லை. அது இந்தியச் சபையின் சொத்து, இங்கேதான் இருந்தது.

பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலகத் தொகுப்பில் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் 1948 வரை இருக்கின்றன. பல இணையத்திலும் ஏறிவிட்டன. அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பதிவுகள். நாகப்பட்டினம் ரயில்வே குடும்பம் என்றால் கட்டாயம் பாருங்கள். ரயில்வே பட்டறை 1920களின் கடைசியில் பொன்மலைக்கு மாறியபோது குடும்பங்களும் மாறின. அதனால் நாகையில் அறுந்த நூலைத் திருச்சியில் பிடிக்கலாம். கிராமத்து விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அங்கே தேடுவது நேர விரயம்.

எங்கட அம்மம்மா மட்டக்களப்புப் பக்கம் ஞானஸ்நானம் எடுத்தவ. அப்பப்பா யாழ்ப்பாணம். எங்க தேடுறது?

மட்டக்களப்பு என்றால் மெதடிஸ்த திருச்சபையின் அந்தப் பகுதிச் சேகரத்தில் கேளுங்கள். ஆல்ட் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி, அதன் சேர்க்கைப் பதிவுகளும் உதவும். 1978 சூறாவளி, 2004 சுனாமி, நடுவே நீண்ட போர் என்று கிழக்கில் காகிதம் தப்பியதே பெரிய விஷயம். கிடைக்காவிட்டால் அரசுப் பதிவுக்குப் போங்கள். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1860களின் கடைசியிலேயே ஒழுங்காகத் தொடங்கிவிட்டது, தமிழ்நாட்டுக்காரர் பொறாமைப்படும் அளவுக்கு.

யாழ்ப்பாணத்தில் முதலில் எந்த மிஷன் என்று பாருங்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் பக்கம் அமெரிக்க மிஷன். நல்லூர், கோப்பாய் பக்கம் ஆங்கிலிக்கன் சங்கம். யாழ் நகரமும் பருத்தித்துறையும் வெஸ்லியன். அமெரிக்க மிஷன் என்ற பெயரைப் பார்த்து அமெரிக்க மெதடிஸ்ட் என்று நினைக்காதீர்கள், அது வேறு பிரிவு. 1814க்கு முந்திய ஞானஸ்நானம் என்று யாராவது சொன்னால் அது ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்ற பதிவேடாக இருக்கும். அவை கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில். அச்சான சபை மலர்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பை ஒருமுறை துழாவுங்கள்.

தாத்தா மலாயா போனப்புறம் அங்க மெதடிஸ்ட் கோயில்ல இருந்தாராம். அதே சபைதானே?

பெயர் ஒன்று, கிளை வேறு. மலாயா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் அமெரிக்க வழி. 1885இல் சிங்கப்பூரில் அதைத் தொடங்கிய வில்லியம் ஓல்டாம் நம்ம பெங்களூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கும் போன கிறிஸ்தவர்கள் அங்கே அந்தச் சபையில் சேர்ந்தார்கள். சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபைக்குச் சொந்த ஆவணக் காப்பகம் உண்டு. அமெரிக்க மிஷனரிகளின் கடிதங்கள் நியூ ஜெர்சியில் ட்ரூ பல்கலைக்கழக வளாகத்தில். சோவாஸில் தேடினால் கிடைக்காது.

பதிவுல கொள்ளுத்தாத்தா பேர் இங்கிலீஷ்காரன் பேர் மாதிரி இருக்கு. வெள்ளைக்கார ரத்தமா?

ரத்தத்தைப் பதிவேடு சொல்லாது, ஆனால் அநேகமாகப் பெயர் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகளுக்கு, படிப்புச் செலவு கொடுத்த தர்மவானின் பெயரையே வைப்பது வழக்கம். நைல்ஸ், ஹூல், ஹென்ஸ்மன் என்று பெயருள்ள சுத்தமான தமிழ்க் குடும்பங்கள் உண்டு. உலகத் திருச்சபை வட்டாரத்தில் பேர் பெற்ற டி. டி. நைல்ஸ் தெல்லிப்பழையில் பிறந்த தமிழர், மெதடிஸ்த போதகர்.

எலைஜா ஹூல் என்ற பெயர் வந்தால் இன்னும் நிதானம். 1820இல் இங்கே வந்த ஆங்கிலேய மிஷனரி ஒருவர் அந்தப் பெயரில் இருந்தார். அவர் வந்த கப்பல் இலங்கைக் கிழக்குக் கடலில் இடி விழுந்து எரிந்துபோய், கட்டிய துணியோடு கரை சேர்ந்தவர். அவர் நினைவாக அதே பெயர் வைக்கப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரும் உண்டு. தேதியைப் பார்த்து ஆளைப் பிரியுங்கள்.

நாங்க சபையே இல்ல, இந்துக் குடும்பம். எங்களைப் பத்தியும் ஏதாவது இருக்குமா?

இருக்கலாம். மிஷன் பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பகுதி இந்துக்கள். மன்னார்குடி ஃபின்லே பள்ளி, ராயப்பேட்டை வெஸ்லி பள்ளி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எல்லாம் வெஸ்லியன் மிஷன் நடத்தியவை. சைவத்துக்காக வாழ்ந்த ஆறுமுக நாவலரே யாழ்ப்பாண வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை செய்தவர். 1848இல்தான் விலகினார். உங்கள் தாத்தாவும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தால் ஆச்சரியம் இல்லை.

1870களில் ஒரே மாசத்துல ஊரே ஞானஸ்நானம் எடுத்திருக்கு. கஞ்சிக்காக சேர்ந்தாங்கன்னு கேலி பண்றாங்க. என்ன பதில் சொல்றது?

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். மிஷன்கள் கஞ்சித் தொட்டி வைத்தன. அனாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தன. கரூரின் அனாதை இல்லமும் தொழிற்பள்ளியும் அப்படிப்பட்ட பணிதான். பசிக்கும் ஞானஸ்நானத்துக்கும் தொடர்பே இல்லை என்று மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் பஞ்சம் முடிந்து நீண்ட காலத்துக்குப் பிறகும் கிராமம் கிராமமாக வந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இக்காட்டிலிருந்த வில்லியம் கௌடி போன்ற வெஸ்லியன் மிஷனரிகளிடம் வந்த பறையர் மக்கள் கேட்டது கஞ்சி அல்ல. பள்ளிக்கூடம் கேட்டார்கள், வீட்டுமனை கேட்டார்கள், மிராசுதார் (நிலவுடைமைக்காரர்) விரட்டினால் அரசுக் கச்சேரியில் தமக்காகப் பேச ஒரு ஆள் கேட்டார்கள். அந்த மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நில உத்தரவும் அதே காலத்துக் கதைதான். எந்தப் பக்கம் மரியாதை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு ஊர் முடிவெடுத்தது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பதிவில் தேதிகளைப் பாருங்கள். பஞ்சத்தில் சேர்ந்தவர்கள் இருபது வருஷம் கழித்தும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று எண்ணினாலே கேலிக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஞானஸ்நானச் சான்றிதழ் பாஸ்போர்ட்டுக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு ஆகுமா?

அந்தப் பதிவு நேரடியாக நிரூபிப்பது ஞானஸ்நானத் தேதியை. பிறந்த தேதி என்பது பெற்றோர் சொல்லி ஐயர் எழுதியது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசுப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம், இதற்கு இடமே இல்லை. அதற்கு முன் பிறந்து, பிறப்பே பதியாமல் விட்டவர்கள் தாமதப் பதிவுக்கு மனுப் போடும்போது பள்ளிச் சான்றோடு துணை ஆவணமாக வைக்கலாம். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பழைய பதிவுல சாதி எழுதியிருக்கு. அதை வச்சு எஸ்சி சான்றிதழ் வாங்கலாமா?

முடியாது. அதோடு எதிர்ப்பக்கமாகவும் வெட்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புதுச்சேரி வழக்கு ஒன்றில், மனுதாரர் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றதும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாக இருந்தது. இந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் கடுமையான கருத்து உண்டு. ஆனால் சேகர அலுவலகத்தில் நகல் கேட்கும் முன் அது எதற்காக என்று யோசித்துக்கொள்ளுங்கள். வழக்கு இருந்தால் வக்கீலைக் கேளுங்கள்.

கரையான் அரிச்ச புத்தகத்தை லேமினேட் பண்ணி வச்சா நல்லதுதானே?

தயவு செய்து வேண்டாம். லேமினேஷன் சூட்டில் பழைய மை பாழாகும், அப்புறம் பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். வெயிலில் காய வைப்பதும் வேண்டாம். நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரையும் தரையையும் தொடாத இரும்பு அலமாரியில் வையுங்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் விடாதீர்கள். அட்டையின் உள்பக்கத்தில்தான் எந்த சர்க்யூட் என்று எழுதியிருக்கும். 2018 கஜா புயலில் டெல்டாவில் எத்தனை கூரை பறந்தது என்று எல்லாருக்கும் தெரியும். படங்களை இரண்டு வேறு ஊர்களில் வையுங்கள்.

எங்க சபை ஆயர் (போதகர்) ரிஜிஸ்டரைக் காட்டவே மாட்டேங்கிறார். உரிமை இருக்கா?

கல்யாணப் பதிவு என்றால் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பதிவேடு யார் வசம் இருக்கிறதோ அவர் உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு நியாயமான நேரத்தில் தேட அனுமதிக்க வேண்டும், கையெழுத்திட்ட நகலும் தர வேண்டும் என்கிறது. ஞானஸ்நான, அடக்கப் பதிவுகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அவை சபையின் வழக்கத்தைப் பொறுத்தவை.

சட்டத்தை முதல் நாளே மேசையில் போடாதீர்கள். பல ஆயர்கள் மறுப்பதற்குக் காரணம் முரட்டுத்தனம் அல்ல. சொத்து வழக்கில் யாரோ பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போன அனுபவமாக இருக்கலாம். மேலே சொன்ன சாதிச் சான்றுத் தலைவலியாகவும் இருக்கலாம். எந்தப் பெயர், ஏறக்குறைய எந்த வருஷம், எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் முன்னிலையிலேயே பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள். அன்றைக்கு அவருக்குத் தலைக்கு மேல் வேலை, வார நாளில் போங்கள்.